நார்மல் அக்கா

அந்த ஸ்கேன் பிரிவில் பதினோரு வருடமாக உடம்பில் ஒரு குறையும் இல்லாத ஆள் ஒரே ஒருத்திதான். அவளும் நோயாளி இல்லை, அங்கேயே வேலை பார்த்த டெக்னீஷியன். எம்.ஆர்.ஐ. எந்திரம் வந்து இறங்கிய வாரத்தில் கம்பெனி எஞ்சினியர், "நல்லா ஆரோக்கியமான ஆளா ஒருத்தரைப் படுக்க வைங்க, முதுகை ஒரு முழு செட் எடுத்துப் பார்த்துடலாம்" என்றார். டாக்டர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவருக்கு இடுப்பு வலி. இன்னொருவருக்குக் குழாய்க்குள் போகப் பயம். பிரிவின் தலைவர், எல்லோரும் பெரிய டாக்டர் என்று சொல்கிறவர், தன் தொப்பையைத் தானே பார்த்துக்கொண்டார். கடைசியில் அவள்தான் கொண்டை ஊசிகளைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள். நாற்பது நிமிடம் மூச்சு விட்டதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. படம் அவ்வளவு தெளிவாக வந்தது.

பெரிய டாக்டர் படத்தை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்து, "பாடப் புத்தகத்துல போடலாம்" என்றார். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் இறங்கும் நரம்பு வேர்களின் மேல் கோடு வைத்துத் தடிமனை அளந்தார். அந்த அளவை ஒரு சீட்டில் எழுதி, 'இந்த அளவு வரை இயல்பு' என்று அடிக்கோடு போட்டு, கணினித் திரையின் ஓரத்தில் அவரே ஒட்டினார். படம் 'நார்மல்' என்ற பெயரில் சேமிக்கப்பட்டது. அதற்குப் பிறகு நரம்பு வேரில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும், பக்கத்தில் அவள் படத்தைத் திறந்து வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வருடத்துக்கு வருடம் மாறிவரும் சின்ன டாக்டர்கள் அவளை நார்மல் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளுக்கும் அதில் ஒரு பெருமை. பெரிய படிப்புப் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கும் இடத்தில், அளவுகோலாக இருப்பது தான்தானே என்ற பெருமை.

கால் விஷயம் அவள் கணக்கிலேயே இல்லை. அந்த அறையில் எப்போதும் குளிர். எந்திரத்துக்காக ஏசியை அணைக்கவே கூடாது. நாள் முழுக்க நின்றால் பாதம் மரத்துப் போகத்தானே செய்யும்? செருப்பு அடிக்கடி காலிலிருந்து நழுவிப் போகும், போனதும் தெரியாது. பாதத்தின் வளைவு மேடாக இருப்பதால் எந்த ஷூவும் சேராது. கெண்டைக்கால் குச்சி மாதிரி இருக்கும். அதெல்லாம் அவர்கள் வீட்டு வாகு. அவள் அப்பா நடந்தால் முன்பாதம் தரையில் டப் டப் என்று அடிக்கும். தெருமுனையில் அவர் திரும்பும்போதே வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அடித்துக்கொண்டிருக்கும் அரட்டையை நிறுத்திவிட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வார்கள். தம்பிக்கும் அதே நடை. அவன் கால்களைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் வைத்த 'கொக்கு' என்ற பெயர், கல்யாணம் ஆகி ஒரு பெண் பிறந்த பிறகும் போகவில்லை.

கொக்கு நகராட்சியில் தெருவிளக்கு பழுது பார்க்கிறவன். ஏணியைக் கம்பத்தில் சாய்த்து ஏறிப்போய், விளக்கை மாற்றிவிட்டு இறங்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அக்கா வீட்டுக்கு வந்து, உட்காராமலே சொன்னான்.

"அக்கா, கால் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. ஏணிப் படியில வச்சிருக்கேனா, இல்லையான்னே தெரியல. குனிஞ்சு பார்த்துத்தான் தெரிஞ்சுக்கறேன்."

"ஆபீஸ்ல சொல்லிக் கீழே இருக்கற வேலையா கேளேன். ஸ்டோர்ல போடச் சொல்லு."

"கேட்டேன். மெடிக்கல் போர்டு சொன்னாத்தான் தருவாங்களாம். போர்டுல ஸ்கேன் எடுத்துட்டு வான்னுட்டாங்க."

ஸ்கேன் என்றால் அக்கா இருக்கிறாளே. மற்றவர்கள் ஆறு வாரம் காத்திருக்கும் இடத்தில் அவனுக்கு இரண்டு நாளில் இடம் வாங்கிக் கொடுத்தாள். அவளே அவனைப் படுக்க வைத்தாள், முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்தாள், காதில் பஞ்சு அடைத்தாள், பயந்தால் அமுக்கச் சொல்லி ரப்பர் பந்தைக் கையில் கொடுத்தாள். "அசையாம படு. மூக்கு அரிச்சாக்கூட சொறியக் கூடாது." அவன் அசையவில்லை. அந்த விஷயத்திலும் அக்கா மாதிரிதான்.

அன்றைக்குப் படம் பார்க்க உட்கார்ந்த சின்ன டாக்டர் ஓர் இடத்தில் தயங்கினார். "வேரெல்லாம் கொஞ்சம் தடியா இருக்கோ, அக்கா?"

அவள் குனிந்து, ஒரு சொடுக்கில் தன் படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்தாள். "எங்க டாக்டர் தடி? பாருங்க, அச்சு அசல் நம்ம நார்மல் மாதிரியே இருக்கு."

சின்ன டாக்டர் இரண்டையும் அளந்தார். ஒரு மயிரிழைகூட வித்தியாசம் இல்லை. சிரித்துவிட்டார். "அக்கா தம்பி ஆச்சே, இருக்காதா பின்னே."

இரண்டு பேருமாகச் சிரித்தார்கள். நரம்பு வேர்களின் தடிமன் இயல்பான அளவில் உள்ளது என்ற வரி அறிக்கையில் ஏற்கனவே அச்சடித்து இருக்கும், அதை அழிக்கத்தான் வேலை, விட்டுவிட வேலையே இல்லை. அவர் விட்டுவிட்டார். பெரிய டாக்டர் படத்தைப் பார்க்காமல் சின்ன டாக்டர் பெயரைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மெடிக்கல் போர்டு பெரிய டாக்டர் கையெழுத்தைப் பார்த்து, 'ஏணி ஏறும் பணிக்குத் தகுதியானவர்' என்று எழுதியது. இப்படி ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்துகொண்டு நான்கு பேர் நின்றார்கள். கொக்கின் கால் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

அவளும்தான் கேட்கவில்லை. அவன் திரும்ப வந்து புலம்பியபோது அவளுக்கு எரிச்சல் வந்தது. "என் நரம்பும் உன்னோடது மாதிரியேதான் இருக்கு. நான் பத்து மணி நேரம் நின்னு வேலை பார்க்கல? உனக்கு உடம்பு வணங்கல, அதான். போர்டு முன்னாடி போய் நடிச்சு என் மானத்தை வாங்காத."  கொக்கு அதற்கப்புறம் அவளிடம் காலைப் பற்றிப் பேசவே இல்லை.

இரண்டு வருடத்துக்கும் மேலாக ஏறி ஏறி இறங்கினான். எட்டு மாதத்துக்கு முன்னால், பட்டப்பகலில், மழை காற்று ஒன்றும் இல்லாத நாளில், ஒன்பதாவது படியில் வைத்த கால் அங்கே இல்லை. இடுப்பெலும்பு நொறுங்கியது. முதுகில் இரண்டு இடத்தில் முறிவு. சக்கர நாற்காலியில் வீடு வந்து சேர்ந்தான். பின்னாலேயே அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மருத்துவத் தகுதி உள்ள ஊழியர் தன் அஜாக்கிரதையால் விழுந்தார், ஆகையால் பணி நீக்கம். அவன் மெடிக்கல் போர்டிடம் மேல்முறையீடு செய்தான். அஜாக்கிரதை என்ற சொல்லை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது. விசாரணை நாளும் குறித்துவிட்டார்கள்.

அந்த நாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் ஸ்கேன் பிரிவுக்குப் புது டாக்டரம்மா வந்து சேர்ந்தார். குள்ளமான, குரல் உயர்த்தாத மனுஷி. எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டார். ஒரு பள்ளி ஆசிரியையின் முதுகுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"இந்த அளவு எங்கிருந்து வந்துச்சு?"

"நம்ம நார்மல்லேர்ந்து டாக்டர்" என்று அவள் உற்சாகமாகத் தன் படத்தைத் திறந்து காட்டினாள். பதினோரு வருடத்தில் நூறு முறை செய்த வேலை.

டாக்டரம்மா திரைக்குக் கிட்டே போனார். தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழே, மெல்லிய நூல்களாக இறங்க வேண்டிய வேர்கள் சணல் கயிறு மாதிரி பருத்து, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு இறங்கின. அவர் ஒவ்வொன்றாக அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"இருக்க வேண்டியதைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. ரெண்டு பக்கமும், எல்லா மட்டத்துலயும் ஒரே மாதிரி. இது பரம்பரையா வர நரம்பு நோய் மாதிரி இருக்கு. வருஷத்துக்கு வருஷம் கூடிக்கிட்டே போகும்." நாற்காலியைத் திருப்பினார். "இது எப்போ எடுத்த படம்? இந்த நோயாளிக்குச் சொன்னாங்களா, இல்லையா? முதல்ல அவங்களை வரச் சொல்லுங்க."



"வந்துட்டாங்க டாக்டர்" என்றாள்.

டாக்டரம்மா குனிந்து அவள் காலைப் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, "செருப்பைக் கழற்றுங்க" என்றார். பாதத்தின் மேட்டைத் தொட்டுப் பார்த்தார். விரல்கள் மடங்கிக் கிடப்பதைப் பார்த்தார். பேனா முனையால் குத்தி, "தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே மேலே வந்தார். கணுக்காலைத் தாண்டிப் பாதி தூரம் வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

"எழுந்து குதிகால்ல மட்டும் நில்லுங்க. முன்பாதத்தைத் தூக்கிட்டு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அது யாராலயும் முடியாதே டாக்டர். சர்க்கஸ்காரங்கதான் நிப்பாங்க."

டாக்டரம்மா தன் செருப்பைக் கழற்றினார். குதிகாலில் நின்றார். அப்படியே நாலு எட்டு நடந்துபோய், திரும்பி நடந்து வந்தார். கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

"எங்க வீட்டுல யாராலயும் முடியாது" என்றாள் அவள். சொல்லும்போதே தன் குரல் தனக்கே என்னவோ போல் கேட்டது. அப்பா, அவள், கொக்கு என்று மூன்று பேரும் கூடத்தில் குதிகாலில் நிற்கப் பார்த்து, டப் டப் என்று விழுந்து, விழுந்து விழுந்து சிரித்தது நினைவுக்கு வந்தது. வீட்டு வாகு, வீட்டு வாகு என்று பெயர் வைத்து அந்த நோயைப் பரம்பரைச் சொத்து மாதிரி கொண்டாடியிருக்கிறார்கள்.

தம்பியின் படத்தைத் தேடி எடுத்துத் திறந்தாள். டாக்டரம்மா அளக்கக்கூட இல்லை. "இதேதான்" என்றார். "நரம்புல மின்சாரம் விட்டு வேகம் பார்க்கணும், ரத்தம் எடுத்துப் பார்க்கணும், அப்புறம்தான் முடிவாச் சொல்லணும். ஆனா எனக்குச் சந்தேகமே இல்ல."

"மூணு வருஷம் முன்னாடி தெரிஞ்சிருந்தா மருந்து குடுத்துச் சரி பண்ணியிருக்கலாமா, டாக்டர்?"

"இதுக்கு மருந்து இல்லம்மா. பயிற்சி, பாதத்தைத் தூக்கிப் பிடிக்கற பட்டை, அதுமாதிரி கொஞ்சம் செய்யலாம்."

ஒரு நொடி அவளுக்கு மூச்சு வந்தது. நாம் கெடுத்தது ஒன்றும் இல்லை என்று மனசு சப்பைக்கட்டு கட்டப் பார்த்தது. டாக்டரம்மாவின் அடுத்த பேச்சு அதை உடைத்துப் போட்டது.

"ஆனா இது தெரிஞ்சிருந்தா ஏணியில ஏற விட்டிருக்க மாட்டாங்க."

பெரிய டாக்டரிடம் போனார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. படத்தைப் பார்க்க மாட்டேன் என்பது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்தார். அப்புறம் ஒரே போடாகப் போட்டார்.

"சரி, நார்மலை மாத்திடுங்க. வாட்ச்மேன் பையன் திடமா இருக்கான், அவனைப் படுக்க வச்சு இன்னிக்கே எடுங்க. பழைய படத்தை அழிச்சிடுங்க. சீட்டைக் கிழிச்சிடுங்க."

"இத்தனை வருஷத்துல இதை வச்சு நார்மல்னு அனுப்பினவங்க?" என்றார் டாக்டரம்மா.

"ரொம்ப மோசமானதெல்லாம் அப்பவே கண்ணுல பட்டிருக்கும். மிச்சம் வந்து கேட்டா பார்த்துக்கலாம்."

"வராமப் போயிட்டா?"

பெரிய டாக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டாக்டரம்மாவை வெளியே போகச் சொல்லிவிட்டு, டெக்னீஷியனிடம் மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசினார். அக்கறை மாதிரியே இருந்தது.

"உங்க நல்லதுக்குச் சொல்றேன்மா. தம்பிக்காகப் போய் நீங்க வாயைத் திறந்தீங்கன்னா, முதல்ல உங்களைத்தான் பரிசோதனைக்கு அனுப்புவாங்க. கால் உணர்ச்சி இல்லாத ஆளை நோயாளிகளைத் தூக்கிப் படுக்க வைக்கற வேலையில வச்சிருக்க மாட்டாங்க. வீட்டுல உங்க ஒரு சம்பளம்தானே? தம்பி விழுந்தது விழுந்ததுதான். எழுந்து நடக்கப் போறதில்ல. நீங்களும் போய் அவன் பக்கத்துல உட்கார்ந்துட்டா யாருக்கு என்ன லாபம்?"

பதினோரு வருடமாக அவளைப் பாடப் புத்தகம் என்று சொன்ன மனிதர், அந்தப் பக்கத்தைக் கிழிப்பதற்கு அரை மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அதில் பாதி தன் மேலேயே வந்தது. இயந்திர அறைக்குத் திரும்பி, தன் படத்தையும் தம்பி படத்தையும் ஃபிலிமில் அச்செடுத்து உறையில் போட்டாள். சீட்டைக் கிழிக்காமல் நகத்தால் மெதுவாக உரித்து, பெரிய டாக்டர் எழுதிய எழுத்தும் அடிக்கோடுமாக அதையும் உள்ளே வைத்தாள். மறுநாள் வந்து பார்த்தபோது 'நார்மல்' என்ற பெயரில் வாட்ச்மேன் பையனின் முதுகு இருந்தது. அவள் படம் எங்கும் இல்லை.

படங்களை அச்செடுத்த அன்று மாலையே தம்பி வீட்டுக்குப் போனாள். சக்கர நாற்காலி திரும்புவதற்காக முன்னறையில் இருந்த மேசை நாற்காலியெல்லாம் சுவரோரம் ஒதுக்கியிருந்தார்கள். தம்பியின் ஏழு வயதுப் பெண் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது. அதற்குப் பெயர் என்னவோ, வீட்டில் எல்லோருக்கும் குட்டிதான். தம்பி மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "வாங்க அண்ணி" என்று பேருக்குச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். விபத்துக்குப் பிறகு அவள் நாத்தனாரிடம் அளந்துதான் பேசுவாள். புருஷனை நடிக்கிறான் என்று சொன்ன வாயை அவள் மறக்கவில்லை.

அக்கா உறையைப் பிரித்து, இரண்டு ஃபிலிமையும் விளக்குக்கு நேராகப் பிடித்துச் சொல்ல ஆரம்பித்தாள். வேர், தடிமன், நார்மல், சீட்டு, அப்பா நடை. எதையும் பூசி மெழுகவில்லை. "பக்கத்துல வச்சு நார்மல்னு சொன்னதே நான்தான்டா" என்பதையும் சொல்லிவிட்டாள். கொக்கு கேட்டுக்கொண்டே இருந்தான். முடிந்த பிறகும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் நடிக்கலையா?" என்றான்.

"இல்லடா."

"இல்ல, நிஜமாக் கேக்கறேன். எல்லாரும் படம் சரியா இருக்கு, சரியா இருக்குன்னு சொல்லிச் சொல்லி, எனக்கே சந்தேகம் வந்துடுச்சு அக்கா. நாமதான் வேணும்னே காலைத் தூக்காம இருக்கமோன்னு. ஏணியில ஏறும்போதெல்லாம் என்னை நானே திட்டிக்குவேன். சோம்பேறி, தூக்கு, தூக்குன்னு. விழுந்த அன்னிக்கும் திட்டிக்கிட்டேதான் ஏறினேன்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. தம்பி மனைவி வாசற்படியில் வந்து நின்றிருந்தாள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்து, நாலு வார்த்தை திட்டிவிட்டால் தேவலாம் என்று அக்காவுக்கு இருந்தது. அவள் திட்டவில்லை.

"போர்டுல வந்து சொல்லுவியா?" என்று கேட்டான் கொக்கு.

"சொல்றேன்."

"உன் வேலை போயிடும்."

"போகட்டும்."

"அதான் வேணும் எனக்கு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. "உனக்கும் போகணும்னுதான் இருக்கு. தப்பா நினைச்சுக்காத." பிறகு, செருப்போடே உள்ளே வந்துவிட்டிருந்த அவள் காலைப் பார்த்தான். "இன்னொரு செருப்பு எங்க?"

அவள் குனிந்து பார்த்தாள். இடது காலில் ஒன்றும் இல்லை. எங்கே கழன்றதென்று தெரியவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு, தான் போய்த் தேடி எடுத்துவருவதாகச் சொல்லிக் குட்டி தெருவில் இறங்கி ஓடியது. ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டப், டப், டப். குழந்தை நடை பழகிய நாளிலிருந்து, 'அத்தை நடை அப்படியே வந்திருக்கு பார்' என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டவளும் அவள்தான். அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி தன் பெண் போன திசையைப் பார்த்தான். 

விசாரணை நகராட்சிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில். லிஃப்ட் வேலை செய்யவில்லை. காலை உயர்த்த முடியாதவர்கள் வந்து முறையிடும் இடத்தை இரண்டாவது மாடியில் வைத்த புண்ணியவான் யாரோ. இரண்டு ஆட்கள் கொக்கை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர்தான் தலைவர், ஓய்வுபெற்ற சர்ஜன். மூன்று வருடத்துக்கு முன்னால் 'தகுதியானவர்' என்று எழுதியதும் அவர்தான்.

டாக்டரம்மா தன் கருத்தை எழுதிக் கொடுத்திருந்தார். பெரிய டாக்டரும் ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். அறிக்கை பிரிவின் அளவுகோலின்படி சரியாகவே எழுதப்பட்டது, அளவுகோலில் எந்தத் தவறும் இல்லை, டெக்னீஷியன் சொல்லும் படம் எங்கள் பதிவில் இல்லை. தலைவர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்படி ஒரு படமே இல்லைங்கறாரே. இந்த ஃபிலிம்ல இருக்கறது யாரோடது?"

"என்னோடது சார்."

"அதுக்கு என்ன அத்தாட்சி? பேர் போடற இடத்துல நார்மல்னுதானே இருக்கு?"

அவள் சீட்டை எடுத்து வைத்தாள். அவர் அதைப் புரட்டிப் பார்த்து, சீட்டு யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றார். அவர் குரலில் அலுப்புத்தான் இருந்தது. சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"படம் இல்லாட்டி என்ன சார்? நான் இருக்கேன்" என்றாள் அவள்.

செருப்பைக் கழற்றினாள். புடவை ஓரத்தைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். நாற்பத்து மூன்று வயதுக்காரி, முன்பின் தெரியாத மூன்று ஆண்களுக்கு முன்னால் கெண்டைக்காலைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. குதிகாலில் நிற்கப் பார்த்தாள். முன்பாதம் எழவே இல்லை. முழு உடம்பையும் பின்னால் சாய்த்துப் பார்த்தாள். தடுமாறி, டப்பென்று விழுந்து, மேசையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் செய்தாள். மூன்றாவது தடவை தலைவர், "போதும், போதும்" என்றார். அவர் சர்ஜன். பார்த்தால் தெரியாத ஆள் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே அறையில் கொக்கையும் ஒரு தடவை செருப்பைக் கழற்றச் சொல்லியிருக்கலாம்.

இருபது நிமிடத்தில் எழுதி முடித்தார்கள். அஜாக்கிரதை என்ற சொல் நீக்கப்பட்டது. நரம்பு வேர்களில் முற்றிவரும் நோய் இருப்பதால், ஊழியர் ஏணி ஏறும் பணிக்குத் தகுதியற்றவர். கொக்கு மூன்று வருடத்துக்கு முன்னால் கெஞ்சிக் கேட்ட வரி அதுதான். சக்கர நாற்காலியில் இருக்கிறவனுக்கு ஏணி ஏறத் தகுதியில்லை என்று முத்திரை குத்திக் கையில் கொடுத்தார்கள். கடைசிப் பத்தியில், டெக்னீஷியனின் பணித் தகுதியையும் அவருடைய மருத்துவமனை உடனே பரிசோதிக்க வேண்டும் என்று சேர்த்திருந்தார்கள். நார்மல் என்று அனுப்பப்பட்ட மற்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது இந்த முறையீட்டுக்குச் சம்பந்தம் இல்லாதது என்று தலைவர் சொன்னார். டாக்டரம்மா எழுந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் மூன்று பேரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

அவள் தம்பியின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். நீளமான நடைவழி, ஒரு பக்கம் பெஞ்சுகள். தூக்க வந்த ஆட்களைத் தேடிக்கொண்டு தம்பி மனைவி படிக்கட்டுப் பக்கம் போயிருந்தாள். கதவு இடுக்கு வழியாகக் குட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. செருப்பைக் கழற்றி பெஞ்சுக்கடியில் ஒழுங்காக வைத்துவிட்டு, பாவாடையை அத்தை மாதிரியே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றது.

"அத்தை, நீங்க உள்ளே விளையாடின விளையாட்டை நான் செய்யறேன் பாருங்க."

முன்பாதத்தைத் தூக்கப் பார்த்தது. உடம்பு பின்னால் சாய்ந்தது, டப்பென்று விழுந்தது. சிரித்தது. இன்னொரு தடவை, டப். அந்த வெற்று நடைவழியில் சத்தம் கடைசி வரை போய்த் திரும்பி வந்தது.

"இது யாராலயும் முடியாது, இல்ல அத்தை?"

ஆமாம் கண்ணு என்ற வார்த்தை, பழக்கதோஷத்தில், அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாற்காலிச் சக்கரத்தைக் கொக்கு கையால் பிடித்து நிறுத்தினான். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இவளையாவது நார்மல்னு சொல்லிடாத, அக்கா" என்றான்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். குட்டி பதிலுக்காக இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை முன்பாதத்தைத் தூக்கப் பார்த்தது.